எந்த ஃபைலை யார் பார்க்கலாம்? அலுவலக ஆவணங்களுக்குப் பூட்டும் சாவியும்

திருச்சியை அடுத்த துவாக்குடியில் ஒரு சிறிய ஃபேப்ரிகேஷன் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளரையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேர். ஆபீஸ் அறையில் ஒரு கம்ப்யூட்டர். அதற்கு ஒரே யூசர் நேம், ஒரே பாஸ்வேர்டு. அந்தப் பாஸ்வேர்டும் மறந்துவிடாமல் இருக்க மானிட்டரின் ஓரத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. கணக்கு எழுதுபவர், டிராயிங் போடுபவர், பட்டறை சூப்பர்வைசர் எல்லோரும் அதில்தான் வேலை செய்கிறார்கள். அதே ஃபைல்கள் ஓர் ஆன்லைன் ஃபோல்டரிலும் இருக்கின்றன.

இப்படிப்பட்ட இடத்தில் என்னென்ன நடக்கலாம்?

ஒன்று: சூப்பர்வைசர் டிராயிங்கைப் பிரின்ட் எடுக்க வருகிறார். 'டிராயிங் புதியது', 'டிராயிங் புதியது 2', 'டிராயிங் பைனல்' என்று மூன்று ஃபைல்கள் இருக்கின்றன. அவர் ஒன்றைப் பிரின்ட் எடுத்துப் பிளேட் கட்டிங்குக்குக் கொடுத்துவிடுகிறார். அது பழைய அளவு. வெட்டிய பிளேட்டைத் திரும்ப ஒட்டவா முடியும்? பிளேட் பணமும் போயிற்று, டெலிவரி தேதியும் போயிற்று.

இரண்டு: கொட்டேஷனில் போட்ட விலை வெளியே தெரிந்துவிடுகிறது. யார் சொன்னார் என்று தெரியவில்லை. எல்லோரும் ஒரே பெயரில் கம்ப்யூட்டரைத் திறப்பதால் எல்லோர் மேலும் சந்தேகம். பத்து வருடம் நேர்மையாக வேலை செய்தவரும் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறது.

மூன்று: மூன்று மாதத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவரின் மொபைலில் பட்டறையின் ஆன்லைன் ஃபோல்டர் இன்னும் திறக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. அவரை நீக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இந்த மூன்றிலும் ஹேக்கர் எவரும் இல்லை. வைரஸும் இல்லை. ஆன்டி வைரஸ் வாங்கிப் போட்டாலும் இவை தீராது. 'எந்த ஆவணத்தை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம்?' என்ற ஒரு கேள்விக்கு விடை எழுதி வைக்காததுதான் காரணம். அந்த விடையை எப்படி எழுதுவது, கம்ப்யூட்டரில் எப்படி அமைப்பது என்பதே இந்தப் பாடம். இதற்குத் தனியாக எந்த சாஃப்ட்வேரும் வாங்க வேண்டியதில்லை.

டாக்குமென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்றால் என்ன?

பெரிய நிறுவனங்களில் இந்த வேலைக்கென்றே ஒரு சாஃப்ட்வேர் இருக்கும். அதைத்தான் டாக்குமென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்கிறார்கள். தமிழில் ஆவண மேலாண்மை அமைப்பு எனலாம். பழைய ஆபீஸ்களில் ரெக்கார்டு ரூம் என்று ஓர் அறை இருக்குமல்லவா? அங்கே ஒரு ரெக்கார்டு கீப்பர் இருப்பார். ஃபைல் வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். யார் எந்தத் தேதியில் எடுத்துப் போனார் என்று ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார். கொடுக்கக்கூடாத ஃபைலைக் கொடுக்க மாட்டார். இந்த சாஃப்ட்வேர் செய்வதும் அதே வேலையைத்தான்.

அதன் முக்கிய வேலைகள் நான்கு:

1. ஆவணங்களை ஒரே இடத்தில் வைத்து, தேடினால் எடுத்துத் தருவது.
2. யாருக்கு எந்த ஆவணத்தில் என்ன உரிமை என்று பார்த்துக் கதவைத் திறப்பது அல்லது மூடுவது.
3. ஓர் ஆவணம் எத்தனை முறை மாறியது, இப்போது செல்லுபடியாகும் பதிப்பு எது என்று காட்டுவது. இதை வெர்ஷன் அல்லது ரிவிஷன் என்பார்கள்.
4. யார், எப்போது, எதைத் திறந்தார், எதை மாற்றினார் என்று குறித்து வைப்பது. இதற்கு ஆடிட் லாக் என்று பெயர்.

திருச்சியில் இந்த விஷயம் புதிதல்ல. 'பெல்' என்று ஊரார் சொல்லும் பி.எச்.இ.எல். நிறுவனத்தின் உயர் அழுத்த பாய்லர் ஆலை 1965-இல் திருவெறும்பூர் பக்கம் தொடங்கப்பட்டது. அதைச் சுற்றித் துவாக்குடி, திருவெறும்பூர் வட்டாரங்களில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வளர்ந்தன. இந்தத் தொழிலில் ஒவ்வொரு டிராயிங்குக்கும் ஒரு நம்பர் உண்டு, ரிவிஷன் நம்பரும் உண்டு. ஆர்டர் கொடுப்பவர் தரும் டிராயிங் அவருடைய சொத்து. அதைப் பிறருக்குக் காட்டக்கூடாது என்பது வழக்கமான நிபந்தனை.

ஐ.எஸ்.ஓ. 9001 தரச் சான்றிதழ் வாங்கும் பட்டறைகளுக்கு இது கட்டாயமே. அந்தத் தர விதியின் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் 7.5.3 என்ற பிரிவு முழுவதும் ஆவணக் கட்டுப்பாடு பற்றியது. ஆவணம் தேவைப்படும் இடத்தில் கிடைக்க வேண்டும், ரகசியம் கசியக்கூடாது, மாற்றங்கள் கணக்கில் இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. 'கிடைக்க வேண்டும்' என்பதும் 'கசியக்கூடாது' என்பதும் ஒரே பிரிவில் இருப்பதைக் கவனியுங்கள். பூட்டு மட்டும் போட்டால் போதாது. சாவி சரியான ஆளிடம் இருக்கவும் வேண்டும்.

நீங்கள் யார்? உங்களுக்கு என்ன உரிமை?

கம்ப்யூட்டர் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் கேள்வி, 'நீங்கள் யார்?' யூசர் நேமும் பாஸ்வேர்டும் இதற்குத்தான். இரண்டாவது கேள்வி, 'உங்களுக்கு இதில் என்ன செய்ய உரிமை?' இதற்குப் பெர்மிஷன் என்று பெயர். முதல் கேள்விக்கு எல்லோரும் ஒரே விடையைச் சொன்னால், இரண்டாவது கேள்விக்கு வேலையே இல்லாமல் போய்விடும். ஆகவே ஆளுக்கொரு யூசர் நேம் என்பதுதான் முதல் படி.

விண்டோஸ் 95, 98 காலத்தில் இந்த வசதி வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடையாது. அவை டிஸ்க்கில் பயன்படுத்திய ஃபேட் முறையில் 'இந்த ஃபைல் இன்னாருக்கு மட்டும்' என்று எழுதி வைக்க இடமே இல்லை. 1993-இல் விண்டோஸ் என்.டி. 3.1-உடன் வந்த என்.டி.எஃப்.எஸ். முறையில் அதற்கு இடம் ஏற்பட்டது. ஒவ்வொரு ஃபைலோடும் ஃபோல்டரோடும் ஒரு பட்டியல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் யாருக்கு என்ன உரிமை என்று எழுதியிருக்கும். இன்றைய விண்டோஸ் 11-இலும் அதே முறைதான்.

எவ்வளவு உரிமை கொடுப்பது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் 1975-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. வேலையைச் செய்யத் தேவையான அளவு உரிமை மட்டும் போதும், அதற்கு மேல் வேண்டாம் என்பதே அது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பாடம்

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு திருச்சுற்றுகள். சித்திரை வீதி, உத்திர வீதி போன்ற வெளிச் சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம். உள்ளே போகப் போக வாசலுக்கு வாசல் கட்டுப்பாடு கூடும். கருவறைக்குள் நுழையும் உரிமை சிலருக்கு மட்டுமே.

அந்தக் கோயிலின் வரலாற்றையும் நடைமுறைகளையும் சொல்லும் நூல் 'கோயிலொழுகு'. இராமானுசர் காலத்தில் கோயில் பணியாளர்கள் பத்துக் கொத்துகளாக வகுக்கப்பட்டதை அது சொல்கிறது. கொத்து என்றால் குழு. இன்ன கொத்துக்கு இன்ன பணி என்று ஏற்பாடு.

கம்ப்யூட்டரில் நாம் 'குரூப்' என்று சொல்வது இதைப் போன்றதுதான். உரிமையை ஆளின் பெயருக்கு எழுதாமல் வேலையின் பெயருக்கு எழுதுங்கள். 'கணக்கு' என்று ஒரு குரூப், 'டிராயிங்' என்று ஒரு குரூப். ஆள் மாறினால் குரூப்பிலிருந்து ஒரு பெயரை எடுத்து இன்னொரு பெயரைச் சேர்த்தால் போதும். நூறு ஃபோல்டர்களைத் தேடித் தேடித் திருத்த வேண்டாம். 1992-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் இருந்த டேவிட் ஃபெரயோலோ, ரிச்சர்ட் குன் இருவரும் இதை ஒரு முறையாக வகுத்து எழுதினார்கள். பெரிய டாக்குமென்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்களிலும் இந்த முறைதான் பரவலாக இருக்கிறது.

ஆனால் கோயிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கோயிலில் வெளிவாசல் திறந்திருந்தாலும் உள்வாசலில் தனியாகக் கட்டுப்பாடு இருக்கும். கம்ப்யூட்டரில் அப்படியல்ல. ஒரு ஃபோல்டரைத் திறந்துவிட்டால், அதன் உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டர்களும் தானாகவே திறந்துகொள்ளும். இதற்கு இன்ஹெரிடன்ஸ் என்று பெயர். அப்பாவின் சொத்து பிள்ளைக்கு வருவது போல மேல் ஃபோல்டரின் உரிமை கீழ் ஃபோல்டருக்கு வருகிறது. எனவே ரகசிய ஃபோல்டரைப் பொது ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். அதற்குப் பக்கத்தில் தனியாக வையுங்கள். பலர் சறுக்கும் இடம் இதுதான்.

முதலில் பேப்பரில் எழுதுங்கள்

மௌஸைத் தொடுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் துவாக்குடிப் பட்டறைக்கு இப்படி எழுதலாம்:

டிராயிங் ஃபோல்டர்: டிராயிங் போடுபவர் மாற்றலாம். சூப்பர்வைசர் பார்க்க மட்டும். கணக்கருக்குத் தேவையில்லை.

பழைய டிராயிங் ஃபோல்டர்: டிராயிங் போடுபவருக்கு மட்டும். சூப்பர்வைசர் கண்ணில் படவே கூடாது.

கொட்டேஷன் ஃபோல்டர்: உரிமையாளர் மாற்றலாம். கணக்கர் பார்க்க மட்டும்.

கணக்கு ஃபோல்டர்: கணக்கர் மாற்றலாம். உரிமையாளரும் மாற்றலாம். ஆடிட்டர் பார்க்க மட்டும்.

சம்பளம், ஊழியர் விவரம்: உரிமையாளரும் கணக்கரும் மட்டும்.

கடைசி ஃபோல்டரைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். ஊழியர்களின் ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் நகல், பி.எஃப். விவரம் எல்லாம் அதில்தான் இருக்கும். அவை அவர்களுடைய சொந்த விவரங்கள், உங்களை நம்பிக் கொடுத்தவை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் இந்தச் சட்டம், பிறர் விவரங்களை வைத்திருப்பவர் அவற்றைப் பாதுகாக்கத் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது.

விண்டோஸில் செய்வது எப்படி?

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். கீழே உள்ளவை விண்டோஸ் 11-க்கு உரியவை. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உள்ள யூசராக உள்ளே நுழைந்து செய்யுங்கள். முதலில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கிப் பழகுங்கள். உண்மையான ஃபைல்களைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

ஆளுக்கொரு யூசர்:

1. செட்டிங்ஸ் திறந்து அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போங்கள். அதில் அதர் யூசர்ஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள்.
2. ஆட் அக்கவுன்ட் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஈமெயில் முகவரி கேட்கும். ஈமெயில் இல்லாமல் இந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் யூசர் வேண்டுமென்றால், அந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்ற பொருள்படும் வரியைக் கிளிக் செய்து, அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாமல் சேர்ப்பதற்கான வரியைத் தேர்ந்தெடுங்கள்.
3. பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். யூசர் வகை ஸ்டாண்டர்டு யூசர் என்று இருக்கட்டும். எல்லோரையும் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கிவிட்டால் நாம் போடும் எந்தப் பூட்டையும் அவர்களே கழற்றிவிடலாம்.

குரூப் உருவாக்க:

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் என்பதைத் திறவுங்கள். அதில் லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் பகுதியில் குரூப்ஸ் இருக்கும். அங்கே நியூ குரூப் கொடுத்து 'கணக்கு', 'டிராயிங்', 'பட்டறை' என்று உருவாக்கி, உரிய யூசர்களைச் சேருங்கள். இந்தப் பகுதி விண்டோஸ் ப்ரோ பதிப்பில் உண்டு, ஹோம் பதிப்பில் கிடையாது. ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்கள் குரூப்புக்குப் பதில் யூசர் பெயர்களையே அடுத்த பகுதியில் சேர்க்கலாம். நாலைந்து பேர் மட்டும் உள்ள இடத்தில் அது சிரமமாக இருக்காது.

ஃபோல்டருக்குப் பூட்டு:

1. டி டிரைவில் 'சம்பளம்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறவுங்கள்.
2. செக்யூரிட்டி என்ற டேபைக் கிளிக் செய்யுங்கள். இந்த டேப் இல்லையென்றால் அந்த டிரைவ் என்.டி.எஃப்.எஸ். முறையில் இல்லை என்று பொருள். சாதாரணப் பென் டிரைவ்களில் இப்படித்தான் இருக்கும். அதில் உரிமை அமைக்க முடியாது.
3. அட்வான்ஸ்டு பட்டனைக் கிளிக் செய்து, டிஸேபிள் இன்ஹெரிடன்ஸ் என்பதைக் கொடுங்கள். இரண்டு வழிகள் காட்டும். முதல் வழியான கன்வர்ட் என்பதையே தேர்ந்தெடுங்கள். மேலிருந்து வந்த உரிமைகள் இந்த ஃபோல்டரின் சொந்த உரிமைகளாக மாறும். இனி அவற்றைத் திருத்தலாம். ஓ.கே. கொடுங்கள்.
4. செக்யூரிட்டி டேபில் எடிட் கொடுங்கள். பட்டியலில் யூசர்ஸ், ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் என்று இருப்பவற்றைத் தேர்ந்தெடுத்து ரிமூவ் செய்யுங்கள். இவை 'எல்லோரும்' என்று பொருள் தருபவை. சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்ற இரண்டையும் தொடாதீர்கள். தொட்டால் நீங்களே வெளியே நிற்க வேண்டிவரும்.
5. ஆட் கொடுத்து, 'கணக்கு' என்ற குரூப் பெயரையோ யூசர் பெயரையோ டைப் செய்து செக் நேம்ஸ் கிளிக் செய்யுங்கள். பெயருக்குக் கீழே கோடு விழுந்தால் சரி. ஓ.கே. கொடுங்கள்.
6. கீழே உரிமைகள் வரும். பார்க்க மட்டும் என்றால் ரீட் அண்ட் எக்ஸிக்யூட், லிஸ்ட் ஃபோல்டர் கன்டென்ட்ஸ், ரீட் ஆகிய மூன்றுக்கு டிக் போதும். மாற்றவும் வேண்டுமென்றால் மாடிஃபை என்பதற்கும் டிக் செய்யுங்கள். மாடிஃபை கொடுத்தால் அழிக்கவும் முடியும். ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தால் இந்த உரிமைப் பட்டியலையே மாற்ற முடியும் என்பதால் அதை ஊழியர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவுதான்! இப்போது சூப்பர்வைசரின் யூசர் நேமில் உள்ளே நுழைந்து அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் பூட்டு சரியாக விழுந்திருக்கிறது. கணக்கர் பெயரில் நுழைந்து திறக்கிறதா என்றும் பாருங்கள். பூட்டியதைச் சோதிப்பது போலத் திறப்பதையும் சோதிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே நுழைந்திருந்தவரைப் புதிதாகக் குரூப்பில் சேர்த்திருந்தால், அவர் ஒருமுறை சைன் அவுட் செய்துவிட்டு மீண்டும் வந்தால்தான் உரிமை கிடைக்கும்.

கவனம்: அதே பட்டியலில் டினை என்று ஒரு வரிசை இருக்கும். அது 'கண்டிப்பாகக் கூடாது' என்பது. சாதாரணமாக அலோவைவிட டினைக்கே பலம் அதிகம். ஒருவர் இரண்டு குரூப்பில் இருந்து, ஒன்றில் அலோவும் மற்றொன்றில் டினையும் இருந்தால் கதவு திறக்காது. ஏன் திறக்கவில்லை என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகும். உரிமை கொடுக்காமல் விட்டாலே போதும், டினை தேவைப்படாது.

ஆன்லைன் ஃபோல்டரில்...

பல சிறிய அலுவலகங்கள் இன்று கூகுள் டிரைவையே தங்கள் ஆவண அறையாக வைத்திருக்கின்றன. அங்கேயும் இதே கொள்கைதான். ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ஷேர் கொடுத்தால் ஈமெயில் முகவரி கேட்கும். பக்கத்தில் மூன்று வகை உரிமைகள் இருக்கும். வியூயர் பார்க்கலாம். கமென்ட்டர் பார்த்துக் குறிப்பு எழுதலாம். எடிட்டர் மாற்றலாம்.

அதற்குக் கீழே ஜெனரல் அக்சஸ் என்று ஒரு பகுதி உண்டு. ரெஸ்ட்ரிக்டட் என்று இருந்தால் நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் திறக்கலாம். எனிஒன் வித் த லிங்க் என்று இருந்தால் அந்த லிங்க் யார் கையில் கிடைத்தாலும் திறந்துகொள்ளும். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பிய லிங்க் எத்தனை பேருக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஆடிட்டருக்கு அவசரமாக அனுப்ப வேண்டுமென்று லிங்க்கைத் திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் மூட மறப்பதுதான் வழக்கம். இன்றைக்கே உங்கள் ஃபோல்டர்களைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஷேர் விண்டோவின் மேலே பல்சக்கரம் போன்ற ஒரு படம் இருக்கும். அதைக் கிளிக் செய்தால், எடிட்டர்கள் பிறருக்கு ஷேர் செய்யலாமா, வியூயர்கள் டவுன்லோடு, பிரின்ட், காப்பி செய்யலாமா என்ற இரண்டும் வரும். வேண்டாதவற்றின் டிக்கை எடுத்துவிடலாம். ஆனால் இதை முழுமையாக நம்ப வேண்டாம். திரையில் தெரிவதை மொபைலில் போட்டோ எடுக்க எந்த சாஃப்ட்வேரும் தடை போட முடியாது. பார்க்கும் உரிமை கொடுத்தால் நகலெடுக்கும் உரிமையும் கொடுத்ததாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

எது சரியான டிராயிங்?

முதலில் சொன்ன பிளேட் கட்டிங் கதைக்குத் திரும்புவோம். அதற்குத் தீர்வு இரண்டே விதிகள்.

முதல் விதி: சூப்பர்வைசர் பார்க்கும் ஃபோல்டரில் ஒரு டிராயிங்குக்கு ஒரே ஃபைல்தான் இருக்க வேண்டும். புதிய ரிவிஷன் வந்ததும் பழையது 'பழைய டிராயிங்' ஃபோல்டருக்குப் போய்விட வேண்டும். ஃபைல் பெயரில் டிராயிங் நம்பரும் ரிவிஷன் நம்பரும் இருக்கட்டும். 'புதியது', 'பைனல்' என்ற பெயர்களே வேண்டாம். இன்றைக்குப் புதியது நாளைக்குப் பழையது!

இரண்டாவது விதி: அந்த ஃபோல்டரில் ஃபைல் போடும் உரிமை ஒருவருக்கு மட்டும். மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும். அப்போதுதான் அங்கே இருப்பது சரியானது என்று எல்லோரும் நம்ப முடியும்.

இங்கே ஒரு சின்னச் சிக்கல். விண்டோஸில் ஒரு ஃபைலைக் காப்பி செய்து வேறு ஃபோல்டரில் ஒட்டினால் புதிய ஃபோல்டரின் உரிமை அதற்கு வரும். கட் செய்து அதே டிரைவில் ஒட்டினால் பழைய உரிமையும் கூடவே வரக்கூடும். நகர்த்திய பிறகு செக்யூரிட்டி டேபைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கூகுள் டிரைவில் அதே ஃபைலின் புதிய பதிப்பை ஏற்ற மேனேஜ் வெர்ஷன்ஸ் என்ற வசதி உண்டு. பழைய பதிப்பு உள்ளேயே இருக்கும், வெளியே ஒரு ஃபைல்தான் தெரியும். பி.டி.எஃப். போன்ற ஃபைல்களில் பழைய பதிப்புகள் 30 நாள் அல்லது 100 பதிப்பு வரைதான் இருக்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் கீப் ஃபாரெவர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேலையை விட்டுப் போகும் நாள்

ஓர் அலுவலகத்தின் உரிமை ஏற்பாடு சரியா என்பது ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில்தான் தெரியும். ஆபீஸ் சாவியையும் ஐடி கார்டையும் திரும்ப வாங்குகிறோம். ஃபோல்டர் சாவியையும் வாங்க வேண்டாமா?

அன்றைக்குச் செய்ய வேண்டியவை: அவருடைய விண்டோஸ் யூசரை நிறுத்துங்கள். உடனே அழிக்க வேண்டாம், அவருடைய டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் அலுவலக ஃபைல்கள் இருக்கலாம். குரூப்பிலிருந்து பெயரை எடுங்கள். ஆன்லைன் ஃபோல்டரின் ஷேர் பட்டியலிலிருந்து நீக்குங்கள். அவருக்குத் தெரிந்த பொதுப் பாஸ்வேர்டுகள் ஏதாவது இருந்தால் மாற்றுங்கள். அவருடைய சொந்த ஈமெயிலில் உருவாக்கிய ஆவணங்கள் இருந்தால் போவதற்கு முன்பே அலுவலக ஈமெயிலுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இது அவரைச் சந்தேகிப்பது ஆகாது. நாளை ஏதாவது கசிந்தால் அவர் மேல் பழி வராமல் காப்பதும் இதுதான். இதை அவரிடமே சொல்லிச் செய்யுங்கள்.

பூட்டு அதிகமானாலும் ஆபத்து

புதிதாக இதைக் கற்றவர்கள் உற்சாகத்தில் எல்லாவற்றையும் பூட்டிவிடுவார்கள். பிறகு என்ன ஆகும்? உரிமையாளர் ஊரில் இல்லாத நாளில் அவசர டிராயிங் வேண்டும். சூப்பர்வைசருக்குத் திறக்காது. போனில் கேட்பார். உரிமையாளர் தன் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவார். அன்றோடு எல்லாப் பூட்டும் போயிற்று! ஒருவருடைய வேலைக்குத் தேவையான உரிமையைக் கொடுக்காமல் விட்டால், அவர் வேறு வழி தேடுவார். பென் டிரைவில் நகல், வாட்ஸ்அப்பில் நகல் என்று ஆவணம் பத்து இடத்தில் கிடக்கும். எனவே யாராவது ஒருவர் அடிக்கடி பிறர் பாஸ்வேர்டைக் கேட்கிறார் என்றால், அவரைக் கோபிக்காமல் உங்கள் பட்டியலைத் திருத்துங்கள்.

இரண்டு சந்தேகங்கள்

பெர்மிஷன் போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் திருடு போனாலும் பயமில்லையா?

அப்படி இல்லை. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், அந்தக் கம்ப்யூட்டரின் அட்மினிஸ்ட்ரேட்டர் இந்த உரிமைகளை மாற்றிக்கொள்ள முடியும். அதற்கு டிஸ்க்கையே சங்கேதமாக்க வேண்டும். விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர் உண்டு. ஹோம் பதிப்பிலும் பல கம்ப்யூட்டர்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் இருக்கும். அதன் மீட்புச் சாவியைப் பத்திரமாக வேறிடத்தில் எழுதி வையுங்கள். பேக்கப்பும் தனியாக வேண்டும்.

தனி டாக்குமென்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் எப்போது தேவை?

யார் எப்போது எந்த ஆவணத்தைத் திறந்தார் என்ற கணக்கு தேவைப்படும்போது, அல்லது 'ஒருவர் தயாரிக்க வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும்' என்ற முறை வரும்போது. நெக்ஸ்ட்கிளவுட், ஓப்பன் கே.எம்., பேப்பர்லெஸ் என்.ஜி.எக்ஸ். போன்றவற்றுக்குக் கட்டணமில்லாத பதிப்புகள் உண்டு. ஆனால் அவற்றை நிறுவிப் பராமரிக்க விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் அது முதலில் கேட்பது, நீங்கள் வெள்ளைத் தாளில் எழுதிய அதே பட்டியலைத்தான்.

செய்து பாருங்கள்

அலுவலகம் இல்லாதவர்களும் வீட்டிலேயே பழகலாம். வீட்டுப் பத்திரம், இன்ஷூரன்ஸ், பிள்ளைகளின் சான்றிதழ், குடும்பப் போட்டோ என்று நான்கு ஃபோல்டர்கள் உருவாக்குங்கள். உங்களுக்கு ஒன்று, வீட்டில் மற்றொருவருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என மூன்று யூசர்கள். யார் எதைப் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று தாளில் எழுதி, மேலே சொன்னபடி அமையுங்கள். போட்டோ ஃபோல்டரைப் பிள்ளைகள் பார்க்கலாம், ஆனால் தவறுதலாக அழித்துவிட முடியாது என்று அமைத்துவிட்டீர்களானால் பாடம் கைக்கு வந்துவிட்டது.

அந்தத் தாளை மட்டும் தூக்கி எறியாதீர்கள். தேதி போட்டு ஒரு ஃபைலில் வையுங்கள். ஆள் வரும்போதும் போகும்போதும் அதை எடுத்துப் பார்த்துத் திருத்துங்கள். மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அந்தப் பாஸ்வேர்டுச் சீட்டை இன்றே கிழித்துவிடுங்கள்.